கடனை அடைக்க ஊர் ஊராகப் போன எழுத்தாளர்: மார்க் ட்வைனின் 1896 இந்தியப் பயணம்

புத்தகம் எழுதியவரே ஊர் ஊராகப் போய்ப் பேசுவது, வாசகர்களைச் சந்திப்பது, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எல்லாம் சமீபத்தில் வந்த பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புத்தகக் கண்காட்சிகள் மாவட்டந்தோறும் வந்த பிறகு அது இன்னும் கண்ணில் படுகிறது. ஆனால் 130 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு எழுத்தாளர் இதே வேலைக்காக உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றினார். நடுவில் இரண்டு மாசத்துக்கு மேல் நம் நாட்டிலும் இருந்தார். அவர் மார்க் ட்வைன். பள்ளிக்கூடத்தில் 'டாம் சாயர்' கதையைச் சுருக்கமாகவாவது படித்திருப்போமே, அதை எழுதியவர்தான். இயற்பெயர் சாமுவேல் கிளெமென்ஸ்.

அவருடைய இந்தியப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காசியைப் பற்றி என்ன சொன்னார், யானைமேல் ஏறினாரா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு வேறு கேள்வி. 60 வயசு ஆகப்போகிற நேரத்தில், உடம்பு சரியில்லாத நிலையில், உலகமே அறிந்த ஒரு எழுத்தாளர் ஏன் ஒரு வருஷம் கப்பலிலும் ரயிலிலும் அலையணும்? சாப்பாட்டுக்கு வழியில்லாமலா? கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தக் கணக்கைப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

கடன் வந்த கதை

ட்வைன் எழுத்தாளர் மட்டுமில்லை, பதிப்பாளரும்கூட. 'சார்லஸ் எல். வெப்ஸ்டர் அண்ட் கம்பெனி' என்று சொந்தப் பதிப்பகம் வைத்திருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதியும் முன்னாள் ஜனாதிபதியுமான கிரான்ட் எழுதிய நினைவுக் குறிப்புகளை 1885ல் அந்தப் பதிப்பகம் வெளியிட்டது. பிரமாதமான விற்பனை. 3 லட்சம் செட்டுக்கு மேல் போனது. கிரான்ட் புத்தகம் வெளிவருவதற்குள் இறந்துவிட்டார். அவர் மனைவிக்கு முதல் தவணையாகப் போன காசோலை மட்டும் 2 லட்சம் டாலர்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இப்படிப்பட்ட புத்தகங்கள் கடையில் விற்கவில்லை. முகவர்கள் கையில் ஒரு மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். சில பக்கங்கள், சில படங்கள், என்னென்ன பைண்டிங் கிடைக்கும் என்கிற துண்டுகள், கடைசியில் பெயர் எழுத வெற்றுத் தாள்கள். பிடித்தவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். புத்தகம் அச்சாகி வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் வாங்குவார்கள். இன்றைக்கு நாம் 'முன்பதிவு' என்கிறோமே, அதேதான்.

கிரான்ட் புத்தகத்துக்குப் பிறகு கம்பெனி எடுத்த பெரிய வேலை, 11 தொகுதிகள் கொண்ட ஒரு அமெரிக்க இலக்கியத் தொகுப்பு. இதைத் தவணை முறையில் விற்றார்கள். அங்கேதான் சிக்கல். வாங்குகிறவர் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கட்டுவார். ஆனால் காகிதம், அச்சு, பைண்டிங், முகவர் கமிஷன் எல்லாவற்றுக்கும் கம்பெனி முன்கூட்டியே பணம் போடணும். விற்பனை கூடக் கூடக் கையில் இருக்கிற பணம் குறைகிறது! வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது புரியும். கணக்குப் புத்தகத்தில் லாபம் தெரியும், கல்லாவில் காசு இருக்காது. 1893ல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி வந்தது. 1894 ஏப்ரல் 18ல் கம்பெனி திவாலானது. கடன் சுமார் 1 லட்சம் டாலர்.

எந்திரம் தின்ற பணம்

இன்னொரு பக்கம் அதைவிடப் பெரிய ஓட்டை இருந்தது. ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் கண்டுபிடித்த அச்சுக்கோர்ப்பு எந்திரம். ட்வைன் சின்ன வயசில் அச்சகத்தில் வேலை பார்த்தவர். எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்க்கிற கஷ்டம் அவருக்குத் தெரியும். அதனால் இந்த எந்திரத்தைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். 1880களின் தொடக்கத்திலிருந்து சுமார் 14 வருஷம் அதில் பணத்தைக் கொட்டினார். 3 லட்சம் டாலர் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நான் மென்பொருள் ஆள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். செஞ்சி, வல்லம் பக்கம் என் பள்ளி நாட்களில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களில் ஈய எழுத்துதான். சாய்வான மரப்பெட்டியில் அறை அறையாக எழுத்துகள் கிடக்கும். கம்பாசிட்டர் பார்க்காமலே கையை விட்டு எடுப்பார். இந்த வேலையில் 3 கட்டம் உண்டு. எழுத்தைப் பொறுக்கிக் கோர்ப்பது ஒன்று. வரியின் இரு ஓரமும் நேராக வருகிற மாதிரி இடைவெளி சரிசெய்வது இரண்டு. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போடுவது மூன்று. இந்த மூன்றாவது வேலை பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நேரம் தின்னும்.

பெய்ஜ் எந்திரம் இந்த மூன்றையும் மனிதன் கை செய்கிற மாதிரியே செய்யப் பார்த்தது. அதற்கு 18,000 பாகங்கள் தேவைப்பட்டன. ஓடினால் அற்புதமாக ஓடும். ஆனால் எங்கேயாவது ஒரு பாகம் இடறினால் எல்லாம் நின்றுபோகும். 1894ல் சிகாகோவில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வைத்துச் சோதித்தார்கள். அடிக்கடி பழுது. கதை முடிந்தது.

அதற்கு 8 வருஷம் முன்னாலேயே, 1886ல், மெர்கென்தாலரின் லைனோடைப் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் வேலைக்கு வந்துவிட்டது. அவர் யோசித்த விதமே வேறு. எழுத்தைப் பிரித்துப் போடுகிற வேலையை எந்திரத்துக்கு ஏன் கற்றுத்தரணும், அந்த வேலையே இல்லாமல் செய்தால் என்ன? உருக்கிய ஈயத்தை ஊற்றி ஒரு முழு வரியைப் புதுசாக வார்த்துவிடுவது. அச்சடித்ததும் மறுபடி உருக்கிவிடுவது. பிரிக்கிற வேலை ஈயத்துக்கு இல்லை. வார்ப்பு அச்சுகள் மட்டும் தாமாகவே தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். மனிதன் செய்வதை அப்படியே செய்யப் போன எந்திரம் தோற்றது. வேலையின் தேவையையே மாற்றிய எந்திரம் ஜெயித்தது. எங்கள் துறையிலும் இதே கதை அடிக்கடி நடக்கும். காகிதத்தில் நடக்கிற அலுவலக வேலையை ஒரு படிகூட மாற்றாமல் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்வார்கள். 18,000 பாகம் அங்கே வேறு ரூபத்தில் வரும்.

பெய்ஜ் எந்திரத்தில் உருப்படியானது இரண்டே இரண்டு. அதில் ஒன்று இன்றைக்கும் ஹார்ட்ஃபோர்டில் உள்ள மார்க் ட்வைன் இல்லத்தில் காட்சிப் பொருளாக இருக்கிறது.

ஏன் பேச்சு? ஏன் இன்னொரு புத்தகம் இல்லை?

கம்பெனி திவாலானதும் ஹென்றி ரோஜர்ஸ் என்கிற பெரும் பணக்காரர், ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் முக்கியப் புள்ளி, ட்வைனின் கணக்கு வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். முதலில் செய்தது என்ன தெரியுமா? ட்வைனின் மனைவி ஆலிவியாவும் கம்பெனிக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தார். அதைக் காரணம் காட்டிப் புத்தகங்களின் பதிப்புரிமையை அவர் பெயருக்கு மாற்றிவிட்டார். கடன்காரர்கள் கையில் 'டாம் சாயர்' போகாமல் தப்பியது இதனால்தான்.

சட்டப்படி பார்த்தால் கடனில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கை கழுவியிருக்கலாம். ட்வைனும் ஆலிவியாவும் அதற்குச் சம்மதிக்கவில்லை. கடைசி டாலர் வரை கொடுப்போம் என்று முடிவெடுத்தார்கள். பயணத்தின் நடுவில், 1895 ஆகஸ்டில், இதைப் பத்திரிகையிலும் அறிவித்துவிட்டார்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? ஒரு புத்தகம் எழுத ஒரு வருஷம். அச்சாகி விற்றுக் காசு வர இன்னும் ஒரு வருஷம். மேடைப் பேச்சு அப்படியில்லை. இன்றைக்கு ராத்திரி டிக்கெட் விற்றால் இன்றைக்கு ராத்திரியே காசு. சார்லஸ் டிக்கன்ஸ் 1867-68ல் அமெரிக்காவில் தன் கதைகளை மேடையில் வாசித்துப் பெரும் பணம் சம்பாதித்த முன்மாதிரி இருந்தது. ட்வைனுக்கும் மேடை புதுசில்லை. ஆனால் மேடைத் தொழிலை விட்டுவிடணும் என்றுதான் பல வருஷமாக விரும்பினார்.

1895 ஜூலை நடுவில் கிளீவ்லாந்து நகரத்தில் பேச்சு தொடங்கியது. கிளம்பும்வரை முதுகும் காலும் புண்ணாகிப் படுக்கையில் கிடந்தவர். கூட வந்தது மனைவி ஆலிவியாவும் நடு மகள் கிளாராவும். மூத்த மகள் சூசியும் கடைசி மகள் ஜீனும் அமெரிக்காவிலேயே சித்தி பெரியம்மா பொறுப்பில் தங்கிவிட்டார்கள். எல்மைரா ரயில் நிலையத்தில் சூசி கை அசைத்து வழியனுப்பினாள். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவை மேற்காகக் கடந்து, கனடாவிலிருந்து கப்பலேறி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அங்கே இருக்கும்போதுதான் 60 வயசு முடிந்தது. பிறகு இலங்கை, இந்தியா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா. ஒரு வருஷத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள். அமெரிக்காவைத் தாண்டிய பிறகு பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிற பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து ஊர்கள். வழி அப்படி அமைந்ததற்குக் காரணம் ஊர் பார்க்கும் ஆசை இல்லை. எங்கே டிக்கெட் வாங்கிக் கேட்க ஆள் இருக்கிறதோ அங்கே போனார்.

மேடையில் என்ன செய்தார்

கையில் தாள் கிடையாது. தன் கதைகளையே மனப்பாடமாக, ஆனால் அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி, தயங்கித் தயங்கிச் சொல்வார். குற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால்தான் அம்மை குத்திக்கொண்ட மாதிரி ஒழுக்கம் உடம்பில் ஏறும் என்று கிண்டலாக ஒரு தத்துவம் வைத்துக்கொண்டு, அந்த நூலில் கதைகளைக் கோர்ப்பார். தவளைப் பந்தயக் கதை வரும், தர்பூசணி திருடிய கதை வரும். கூடவே 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் ஹக் என்கிற பையன், தப்பி ஓடும் அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறுகிற இடமும் வரும்.

நம்ம ஊர் ஆட்களுக்கு இது அந்நியமில்லை. இரவெல்லாம் பாரதக் கதை சொல்கிறவர் செய்வதும் இதுதானே? எங்கள் பக்கம் தேசிங்கு ராஜன் கதையைப் பாடியவர்களும் இதைத்தான் செய்தார்கள். கதை எல்லோருக்கும் தெரியும், முடிவு தெரியும். ஆனாலும் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பது கதையை மட்டுமில்லை, சொல்கிறவரை.

இந்தியாவில்

1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். அங்கே கண்ணைப் பறித்தது மக்கள் உடுத்திய நிறங்கள். அந்த நிறங்களுக்கு நடுவே ஒரு மிஷன் பள்ளிப் பிள்ளைகள் மேல்நாட்டுப் பாணியில் மங்கிய உடை போட்டு வரிசையாகப் போவதைப் பார்த்து எரிச்சல்பட்டு எழுதியிருக்கிறார். பிறகு கப்பல் மாறி பம்பாய். வாட்சன் ஹோட்டலில் தங்கினார். வந்ததுமே இருமல், சில நாள் படுக்கை. ஜனவரி 24ல் நாவல்டி தியேட்டரில் முதல் பேச்சு.

பம்பாயில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லணும்.

ஒன்று, ஹோட்டலில். வேலைக்காரர் ஒருவர் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று ஒரு ஜெர்மானியர் அவர் தாடையில் அறைந்தார். அறை வாங்கியவர் ஒன்றும் பேசவில்லை. அதைப் பார்த்த கணத்தில் ட்வைனுக்கு 50 வருஷம் பின்னால் போன மாதிரி ஆகிவிட்டது. மிசௌரியில் அவர் சின்னப் பையனாக இருந்தபோது அடிமைகளை இப்படித்தான் அடிப்பார்கள். அவருடைய அப்பாவும் அடித்திருக்கிறார். சின்னத் தப்புக்காக ஒரு அடிமையை இரும்புத் துண்டால் அடித்து ஒருவன் கொன்றதையும் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் அந்த இடத்தில் எழுதுகிறார். பணத்துக்காகக் கிளம்பிய பயணம்தான், ஆனால் ஹக் பையனின் தடுமாற்றம் எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பக்கங்களைப் படித்தால் தெரியும்.

இரண்டு, மூன்றாம் ஆகா கான். இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர், அப்போது 18 வயசு. அந்தச் சமூகத்தார் கண்ணில் சாதாரண மனிதர் இல்லை. அவர் ட்வைனைப் பார்க்க வந்து பேசியது ஹக் ஃபின் என்கிற பையனைப் பற்றி! ஊர்சுற்றிப் பையன் ஒருவனைப் பற்றி எழுதிய புத்தகம் கடல் தாண்டி வந்து இப்படி ஒருவர் கையில் இருக்கிறது என்பதில் ட்வைனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் அந்த அத்தியாயம் முழுக்கத் தெரிகிறது. பெயரைச் சொல்லாமல்தான் எழுதியிருக்கிறார்.

பம்பாயிலிருந்து பூனா, பரோடா. பரோடாவில் கெய்க்வாட் மன்னரின் அரண்மனையில் பேச்சு, யானைச் சவாரி. பிறகு அலகாபாத்தில் மாக மேளா நடக்கிற நேரம். அடுத்து காசி. அங்கே பாஸ்கரானந்த சரஸ்வதி என்கிற துறவியைச் சந்தித்தார். துறவி தாம் எழுதிய உரைநூல் ஒன்றைக் கொடுத்தார். பதிலுக்கு ட்வைன் கொடுத்தது 'ஹக்கிள்பெரி ஃபின்'. தியானத்துக்கு நடுவே கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று கொடுத்தாராம். எழுத்தாளர்கள் இரண்டு பேர் சந்தித்துப் புத்தகம் மாற்றிக்கொள்கிற வழக்கம் நம்ம புத்தகக் கண்காட்சியில் தினமும் நடக்கிறதுதான். ஆனால் இப்படி ஒரு மாற்றல் வேறெங்கும் நடந்திருக்காது.

கல்கத்தா, டார்ஜிலிங், முசாபர்பூர், லக்னோ, கான்பூர், ஆக்ரா, ஜெய்ப்பூர், டெல்லி, லாகூர், ராவல்பிண்டி. ராத்திரி ரயில், காலையில் ஊர், சாயங்காலம் மேடை. படுக்கையும் போர்வையும் நாமே சுமக்கணும், ரயிலில் தரமாட்டார்கள் என்று எழுதுகிறார். டார்ஜிலிங்கிலிருந்து இறங்கும்போது மட்டும் ரயிலை விட்டுவிட்டு, தண்டவாளத்தில் ஓடும் சின்னத் தள்ளுவண்டியில் சுமார் 35 மைல் சரிவில் வந்தார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான நாள் இருந்ததில்லை என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஜெய்ப்பூரில் வயிறு கெட்டு ரொம்ப நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. மேடை ஏறாத நாளில் வருமானம் இல்லை, செலவு மட்டும் உண்டு. சுற்றுப்பயணம் போகிற ஆள் படுத்தால் வியாபாரமே படுத்துவிடும். கடையை இன்னொருவர் திறக்க முடியாது.

மார்ச் கடைசியில் கல்கத்தாவிலிருந்து கப்பல். வழியில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள் நின்றது. அவர் புத்தகத்தில் சென்னைக்குக் கிடைத்தது அரை வரிதான். நமக்கு வருத்தம்தான், என்ன செய்வது.

கடைசியில் வந்த தந்தி

தென்னாப்பிரிக்காவில் பேச்சுகளை முடித்துக்கொண்டு 1896 ஜூலை கடைசியில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவிலிருந்து சூசியும் ஜீனும் வந்து சேர்ந்தால் குடும்பம் மறுபடி ஒன்றாகிவிடும். கில்ஃபோர்டு என்கிற ஊரில் வீடு எடுத்துக் காத்திருந்தார்கள். வந்தது கடிதம். சூசிக்கு உடம்பு சரியில்லை. ஆலிவியாவும் கிளாராவும் உடனே கப்பலேறினார்கள். அவர்கள் நடுக்கடலில் இருக்கும்போது, ஆகஸ்ட் 18ல், ஹார்ட்ஃபோர்டில் உள்ள சொந்த வீட்டிலேயே மூளைக்காய்ச்சலில் சூசி இறந்துபோனாள். வயசு 24. கில்ஃபோர்டில் தனியாக இருந்த ட்வைனுக்குத் தந்தி வந்தது.

எல்மைரா ரயில் நிலையத்தில் கை அசைத்தவளைத்தான் கடைசியாகப் பார்த்தது.

அதன் பிறகு லண்டனில் ஒரு வீட்டில் யாரையும் அதிகம் பார்க்காமல் உட்கார்ந்து பயணத்தைப் புத்தகமாக எழுதினார். 1897ல் வெளிவந்தது 'ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்'. பம்பாய்க் காக்கைகளைப் பற்றி விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி எழுதிய பக்கங்கள் அதில் உண்டு. அந்தப் பக்கங்களை எப்படிப்பட்ட மனநிலையில் எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். எழுதாமல் இருக்கவும் முடியாது, கடன் பாக்கி இருக்கிறது. பேச்சில் வந்தது, புத்தகத்தில் வந்தது, ரோஜர்ஸின் நிர்வாகம் எல்லாம் சேர்ந்து 1898 தொடக்கத்தில் கடன் முழுக்க அடைந்தது.

நம்ம பக்கத்துக் கணக்கு

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் இருந்தார். சீவக சிந்தாமணி 1887ல் வந்தது, புறநானூறு 1894ல். அவரும் ஊர் ஊராக அலைந்தவர்தான். ஆனால் திசை வேறு. ட்வைன் அச்சான புத்தகத்தின் பெயரால் ஊர் ஊராகப் போனார். உ.வே.சா. அச்சாக வேண்டிய புத்தகத்தின் ஏட்டைத் தேடிப் போனார். சிந்தாமணி சமணக் காப்பியம் என்பதால் சமணர்களிடம் கேட்டுக் கேட்டு உரைத்த பொருளைப் புரிந்துகொண்டார். அவருக்கு உதவியவர்களில் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் எங்களுக்குப் பக்கம்தான். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற மேல்சித்தாமூரும் எங்கள் பக்கம்தான்.

பணத்துக்கு அவர் நம்பிய வழி 'கையொப்பம்'. புத்தகம் வருவதற்கு முன்னாலேயே இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று ஆட்கள் கையெழுத்துப் போடுவார்கள். அமெரிக்க முகவர் கையில் வைத்திருந்த மாதிரிப் புத்தகத்தின் கடைசித் தாள்களும் இதுவும் ஒன்றே. வித்தியாசம், அங்கே முகவர் போனார். இங்கே பல நேரம் பதிப்பித்தவரே போகணும், கடிதம் எழுதணும்.

பாரதியும் ஒரு பெரிய திட்டம் போட்டார். 1920ல் தன் எழுத்தை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடுவது. மொத்தம் 4 லட்சம் பிரதி! மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். நண்பர்களிடம் கடன் கேட்டு அச்சடித்த கடிதம் அனுப்பினார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் இறந்துபோனார். 1949ல் அரசாங்கமே அந்த எழுத்துகளின் உரிமையை வாங்கும் அளவுக்கு அவை பரவின என்பது பிற்காலக் கதை. ட்வைனுக்கு ஒரு ரோஜர்ஸ் இருந்தார், பாரதிக்கு இல்லை. திறமைக் கணக்கில் இந்த வித்தியாசம் வராது, பணக் கணக்கில் வரும்.

நான் எடுத்துக்கொண்டது

இதையெல்லாம் தேடிப் படித்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் வல்லம் ஒன்றியத்து ஏரிகள், தூம்புகள், நடுகற்கள் பற்றி எழுதிய குறிப்புகளைச் சேர்த்து நானே 300 பிரதி அச்சிட்டேன். கடைக்குக் கொடுத்தால் விலையில் 40 சதவீதம் கழிவு. பெட்ரோல் செலவைச் சேர்த்தால் ஒரு பிரதிக்கு மிஞ்சுவது டீக்காசு. அதனால் லீவு நாளில் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம், நூலகம், டீக்கடை என்று நானே போக ஆரம்பித்தேன். "எவ்ளோ வித்துச்சு?" என்று வீட்டில் கேட்பார்கள். சொல்கிற மாதிரி எண்ணிக்கை ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருத்தர் புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதே மாதிரி கல்லு ஒண்ணு எங்க ஏரிக்கரையில குப்புறக் கெடக்குது. துணி தொவைக்கிறாங்க. வந்து பாக்குறியா?" என்றார். போய்ப் பார்த்தோம். நாலு பேர் சேர்ந்து புரட்டினால் வில்லோடு நிற்கிற வீரன். புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருந்தால் அந்தக் கல் இன்னும் குப்புறத்தான் கிடந்திருக்கும்.

சுற்றுப்பயணத்தின் உண்மையான வரவு எது என்று கேட்டால், என் பதில் இதுதான். டிக்கெட்டும் விற்பனையும் கடனை அடைக்கும், அது முக்கியம், அதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் கடன் வாங்கிப் பார்க்காதவர்கள். ஆனால் ட்வைனுக்கு அடுத்த புத்தகத்தைக் கொடுத்தது மேடை இல்லை. மேடைக்குப் போகிற வழி. ஹோட்டல் கதவைச் சரிசெய்தவர், ரயில், ஹக்கைப் பற்றிப் பேச வந்த 18 வயசுப் பையன்.

செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒரு வருஷம் வீட்டில் இல்லாததன் விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. அவருக்கு அந்த விலை மிகப் பெரியதாகிவிட்டது. எழுதுகிறவர் அலைந்தால்தான் புத்தகம் நகரும் என்கிற நிலை இருக்கும்வரை, 'ஏன் நீங்க வரலை?' என்று எழுத்தாளரைக் கேட்பதற்கு முன்னால், நம்ம ஊர் நூலகம் அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். நூலகர் அநேகமாக ஒரு விண்ணப்பத் தாளை நீட்டுவார். ஆசிரியர் பெயர், புத்தகத்தின் பெயர், நம் கையெழுத்து. 'கையொப்பம்' என்றதும் அதுதானே.

அந்த ஏரிக்கரை நடுகல்லின் அளவுகளும் படமும் அடுத்த பதிவில்.